ஏத்துனது எத்தனை, இறங்குனது எத்தனை?

தென்காசியில் சூரியன் தினமும் சரியான நேரத்துக்கு உதிப்பதற்கு ஒரே காரணம், பிந்தினால் விசில் அண்ணாச்சி ஊதிவிடுவார் என்கிற பயம்தான். முப்பத்தைந்து வருஷம் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தவர். ஒரு வண்டி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றாலும் விசிலை ஊதி, தகரத்தில் படபடவென்று தட்டி, "எடுலே வண்டிய!" என்று விரட்டுவார். வேலையை விட்ட பிறகும் விசில் கழுத்திலேயே கிடந்தது.

கல்யாண வீட்டில் முகூர்த்தம் இழுத்தால் முன்வரிசையிலிருந்து விசில் வரும். ஒரு சீசனில் குற்றாலம் மெயினருவியில் யாரோ ரொம்ப நேரமாக நகராமல் நிற்கிறார் என்று அண்ணாச்சி ஊத, வெள்ளம் வந்துவிட்டதென்று அத்தனை பேரும் துண்டோடு ஓடினார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் ஓடினார். காலியான அருவியில் அண்ணாச்சி மட்டும் சாவகாசமாகக் குளித்துவிட்டு வந்தார்.

என்மேல் அவர் ஊதியதற்குக் கணக்கே கிடையாது. பத்து மணி என்று சொல்லிவிட்டுப் பதினொன்றே காலுக்குப் போய் நிற்கிற ரகம் நான்.

போன வருஷம் விலாவுக்குக் கீழே வலி என்று ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒரு சொட்டு தொட்டவன் இல்லலே நான். எனக்கு ஈரல்ல கட்டியா? எவன் ஸ்டாப்புலயோ நிக்க வேண்டிய வண்டி, ரூட்டு மாறி வந்திருக்கு" என்று கட்டியையே அதட்டினார்.

திருநெல்வேலியில் ஆபரேஷன் டாக்டரம்மாவைப் பார்க்க நானும் கூடப் போனேன். பத்து மணிக்கு வரச்சொன்னவர் பதினொன்றரைக்கு வர, வராந்தாவில் விசில் பறந்தது. டாக்டர் மிரளவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்து விளக்கினார்: "இப்பவே கட்டி இருக்கிற பகுதியை வெட்டி எடுத்திடலாம். மிச்ச ஈரல் வளர்ந்துக்கும். தள்ளிப் போட்டா பெரிய ரத்தக்குழாயைப் பிடிச்சிடும். அப்புறம் வெட்ட முடியாது."

அண்ணாச்சி ஒவ்வொரு டிரிப்புக்கும் கண்டக்டரிடம் கேட்டுப் பழகிய கேள்வியைக் கேட்டார். "இதுல நீங்க ஏத்துனது எத்தனை பேரு? நல்லபடியா இறங்குனது எத்தனை?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாரும் இறங்கலைங்க. சிலருக்குக் கட்டி திரும்ப வந்திருக்கு. ரெண்டு பேர் வீட்டுக்கே போகலை. உங்களுக்கு நல்லாகும்னு நம்புறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

கூட வந்திருந்த அண்ணாச்சியின் மனைவி, மதினிக்கு அங்கேயே கண்ணீர். ஊர் திரும்பியதும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கத்தி பட்டால் பரவிவிடும், கையருகே குற்றாலத்தில் இல்லாத மூலிகையா என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"எல்லா வண்டியையும் பாத்துட்டுத்தான் ஏறுவேன்" என்று கிளம்பினார் அண்ணாச்சி.

குற்றாலத்தில் வேர் விற்கிற ஒருவர், தொண்ணூறே நாளில் கட்டி கரையும் என்றார். ஏத்துனது எத்தனை, இறங்குனது எத்தனை என்றார் அண்ணாச்சி. "நம்மகிட்ட வந்த அம்புட்டு பேருக்கும் சொகந்தான் அண்ணாச்சி!"

"முப்பத்தஞ்சு வருஷத்துல அப்படி ஒரு பஸ்ஸ நான் பாக்கலவே" என்று ஒரு விசிலை ஊதிவிட்டு எழுந்துவிட்டார்.

அடுத்தது புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளத்தில் ஒரு வைத்தியர். "பேடிக்கண்டா, எல்லாம் ஞான் நோக்காம்" என்று, பயப்பட வேண்டாம், எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாக மலையாளத்தில் சொன்னார். சுவரில் மாலை போட்ட ஒரு படம் தொங்கியது. யார் என்று அண்ணாச்சி விசாரித்தார். வைத்தியரின் அப்பாவாம், பெரிய வைத்தியராம். எப்படிப் போனார்? வைத்தியர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: ஈரலில் நோய். அன்றைக்கு விசில் செக்போஸ்ட் வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசியாகத் தென்காசியிலேயே, பட்டம் வாங்கிய ஒரு சித்த மருத்துவர். "கட்டியக் கரைக்க எங்கிட்ட மருந்து இல்ல அண்ணாச்சி. வெட்டிட்டு வாங்க. அப்புறம் பசிக்கும் வாய்க்கசப்புக்கும் நான் பாக்குதேன். அதுவும் அந்த டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டுத்தான்." அண்ணாச்சி அவருக்கு எழுந்து நின்று கும்பிடு போட்டார்.

வீட்டில் தீர்ப்பு வந்தது. "ரெண்டு பேரு இறங்கலன்னு வாய்விட்டுச் சொன்னா பாரு, அந்தப் பொம்பள வண்டியிலதான் ஏறுவேன். என் ஈரலுக்கு நான்தான் டைம் கீப்பர். எவனும் ஊதக்கூடாது."

இந்த இடத்தில்தான் நான் புத்தியைக் காட்டினேன். பண்பொழி மலைக்கோயிலுக்குப் போன இடத்தில், ஈரலுக்கு நல்லது என்று ஒருவர் லேகியம் கொடுத்தார். மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது? ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருக்கையில், கொட்டுகிற மழையில், சொன்னபடி காலை எட்டு மணிக்கே போய் டப்பாவை நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு கேள்வி இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் தாறுமாறாக ஏறியிருந்தன. "வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்க, மதினியும் நானும் ஒரேபோல இல்லை என்று தலையாட்டினோம். எங்கள் இருவரையும் பார்த்து அண்ணாச்சி ஒரு விசில் ஊதினார். பிறகு பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மூலிகைன்னாலும் அதையும் ஈரல்தானே சமாளிக்கணும்? யாருங்க கொடுத்தது?" டாக்டருக்குக் கோபம்.

"தின்னவன் நான். பேரு எதுக்கும்மா?"

ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டி ரத்தக்குழாயைப் பிடித்துவிட்டால் கொன்றவன் நான்தானே? தாங்கமுடியாமல் ஒருநாள் அவரிடமே அழுதேன். "ஊரெல்லாம் கேட்டீங்களே அண்ணாச்சி, எங்கிட்ட மட்டும் ஏன் கேக்கல?"

"ஏலே, பொறந்ததுலருந்து அன்னைக்குத்தான் நீ சொன்ன நேரத்துக்கு வந்து நின்ன. நனைஞ்சுபோய், டப்பாவோட. அப்பம் போய்க் கேள்வி கேக்கச் சொல்லுதியா?"

நல்லவேளை, கட்டி காத்திருந்தது. வெட்டி எடுத்தார்கள். மூன்று நாள் அண்ணாச்சி பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். நாலாம் நாள், ஊசி போடப் பத்து நிமிஷம் பிந்திய நர்ஸைப் பார்த்து, வார்டுக்குள்ளிருந்து காற்றுப்போன விசில் ஒன்று கேட்டது. வராந்தாவில் நான் தேம்பித் தேம்பி அழுதேன், வெட்கமில்லாமல்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அடுத்தது வருகிற செவ்வாய்க்கிழமை. என்ன வரும் என்று அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. காலை ஆறு பத்துக்குத் திருநெல்வேலி பஸ். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஐந்தரைக்கே பஸ் ஸ்டாண்டில் அவருக்காக நான் காத்துக்கொண்டு நிற்கிறேன்.