வாட்டி மெல்ட்ரம் சொல்லாத வார்த்தை

குறை சொல்பவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்களை விட்டுத் தள்ளுங்கள். நான் சொல்ல வந்தது அதில் உயர்ரகம். குறை சொல்வதற்கென்றே பாட்டன் காலத்துச் சொற்களைப் பத்திரப்படுத்தி, பொருத்தம் பார்த்து எடுத்துவிடுகிற ரகம். ஸ்காட்லாந்தில், எங்கள் பிரெக்கின் ஊரில், தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவர் வாட்டி மெல்ட்ரம். வாட்டி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர்தான். பழியை என்மேல் போடாதீர்கள்.

காலைக் கஞ்சியில் உப்பு ஒரு சிட்டிகை குறைந்தால் அது 'வெர்ஷ்'. தேநீர் கொஞ்சம் நீர்த்திருந்தால் 'ஜாபில்'. பக்கத்து வீட்டுப் பையன் ஒல்லியாய் வெளுத்துப்போய் நடந்தால் 'ஷில்பிட்'. தேய்ந்த செருப்பு 'பாக்கிள்', அதை இழுத்துக்கொண்டு நடக்கிறவரும் 'பாக்கிள்'. புதுப் பாதிரியாரின் பிரசங்கம் இருக்கிறதே, அது வெர்ஷும் ஜாபிலும் சரிபாதி கலந்தது. என்னே நுட்பம்! மட்டமான சரக்குக்கு இத்தனை சொல் வைத்திருப்பவர், நல்ல சரக்குக்கு எத்தனை வைத்திருப்பார்? ஒன்றே ஒன்று: 'மோசமில்ல.' அதையும் லேசில் எடுக்கமாட்டார். தன் கல்யாணத்தன்று மணப்பெண்ணைப் பார்த்து ஒருமுறை சொன்னாராம். அந்த அம்மாள் அதை வைத்துக்கொண்டே ஆயுளை ஓட்டிவிட்டார்.

மகள் எல்ஸ்பெத்தால் அப்படி ஓட்ட முடியவில்லை. கடைத்தெருவில் சூப் கடை திறந்தாள். அப்பா வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்தால் ஊரிலேயே இருப்பது, வராவிட்டால் கிளாஸ்கோவில் கூப்பிட்டிருக்கும் ஓட்டல் வேலைக்குப் போய்விடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். இது வாட்டிக்கும் தெரியும். நானே போய்ச் சொன்னேன்.

திறப்பு நாளில் ஊரே கிண்ணத்தோடு நின்றது. ஆட்டுக்கறியும் பார்லியும் போட்ட சூப். வாட்டி ஒரு கரண்டி குடித்தார், கண்ணை மூடினார், கிண்ணத்தைக் காலி செய்தார், இன்னொன்று கேட்டார், அதற்குமேலும் ஒன்று கேட்டார், கடைசியில் ரொட்டித் துண்டால் அடியைத் துடைத்துத் தின்றார்.

"எப்டிப்பா இருக்கு?" என்றாள் மகள்.

மனிதர் பட்ட பாட்டைப் பார்க்கவேண்டுமே. வெர்ஷா? உப்பு கணக்காக இருக்கிறது. ஜாபிலா? கரண்டியை நட்டால் நிற்கிறது. தன் சொற்களையெல்லாம் புரட்டிப் பார்க்கிறார், ஒன்றும் பொருந்தவில்லை. 'மோசமில்ல' கூடத் தொண்டைவரை வந்து திரும்பிவிட்டது. மெல்லக் கையை நீட்டி மேசையை ஆட்டிப் பார்த்தார்.

"மேசை ஷூக்ளி," என்றார். ஆட்டம் காணும் சாமானுக்கு அவர் வைத்திருக்கும் சொல் அது.

ஊர் சிரித்தது. வாட்டி மேசையைக் குறை சொன்னால் சூப் அமிர்தம் என்று அர்த்தம், இதுகூடவா தெரியாது என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். வரிசை வாசலைத் தாண்டி நீண்டது.

"எனக்கும் புரியுதுப்பா," என்றாள் எல்ஸ்பெத். "புரிஞ்சுக்கிட்டே இருந்து அலுத்துப்போச்சு. ஒரு தடவை காதால கேக்கணும்."

"அதான் மூணு கிண்ணம் குடிச்சேனே. வாயத் தொறந்து வேற சொல்லணுமா?"

"ஆமாப்பா. சொல்லணும்."

வாட்டி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அடுத்த மாதம் கடையில் பூட்டுத் தொங்கியது.

பஸ் ஏற்றிவிட வந்த அப்பா, மகளின் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, கைப்பிடி சரியில்லை என்பதற்கும் ஒரு பழைய சொல்லைக் கண்டுபிடித்துச் சொன்னார். பஸ் திருப்பத்தில் மறையும்வரை நின்றார். பிறகு, கூட வந்திருந்த என் பக்கம் திரும்பினார்.

"அந்த மாதிரி சூப்பு என் ஆயுசுல குடிச்சதில்லய்யா. அவங்கம்மா கையில கூட அப்படி வந்ததில்ல."

அதை அவளிடமே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா தலைக்கனம் ஏறிடும்," என்றார் வாட்டி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்றில் தூசி என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பஸ் நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். இன்று மதியம் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, தட்டை விரலால் வழித்துவிட்டு, அப்பளம் நமுத்துப்போச்சு என்று மட்டும் சொல்லிக் கை கழுவப் போனவர் யார் என்று நான் கேட்கவில்லை. கிளாஸ்கோவுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று உங்கள் வீட்டிலிருந்துதான் யாரோ விசாரித்தார்கள்.