லண்டனுக்குப் பறந்த பிளாஸ்டிக் நாற்காலி

மனைவியை லண்டனுக்கு அனுப்புவதில்லை என்று கண்ணுசாமி முடிவெடுத்துவிட்டார். மகள் கீர்த்தனாவுக்கு அங்கே பிரசவம். அம்மா வந்து மூன்று மாதம் இருக்க வேண்டுமாம். மூன்று மாதம்! அதுவரை திண்டுக்கல்லில் அவருக்கு யார் சோறாக்கிப் போடுவது? அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெரியாது அவருக்கு.

ஆனால் வயிற்றுக் கவலையை வெளியே சொன்னால் மரியாதை என்ன ஆவது? அதனால் மனைவி மலர்விழியின் முழங்கால் மேல் அவருக்குத் திடீர் அக்கறை வந்தது.

“மலரு, சென்னையிலேர்ந்து எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டரு. நம்ம செம்பட்டிக்கு நானூறு தடவ போற தூரம். பதினோரு மணி நேரம் ஒரே சீட்டுல உக்காரணும். ஒன் முட்டி தாங்குமா?”

“ஏன் தாங்காது?”

“அப்ப இங்கயே உக்காந்து காட்டு. பாத்ரூமுக்கு மட்டும் எந்திரிக்கலாம். ஜெயிச்சுட்டா நீ போ.”

அவள் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அந்தத் தைரியம்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள் மலர்விழி. இடுப்பில் பெல்ட்டுக்குப் பதில் துண்டு.

“ஏங்க, காபி.”

“நீதான போடணும்?”

“பிளேன்ல நானா போடுவேன்? சீட்டுக்குக் கொண்டாந்துல்ல குடுப்பாங்க!”

சட்டம் போட்டவர் எழுந்து போனார். “பால் பொங்குது! அடுப்பக் கொறைங்க!” என்று சீட்டிலிருந்தே சத்தம் வந்தது.

எட்டு மணிக்குத் தோசை. முதல் தோசை கல்லை விட்டு வர மறுத்தது. இரண்டாவது பாதி வந்தது. மூன்றாவது தோசை மாதிரியே இருந்தது. பதினோரு மணிக்கு ரசம்.

“கொதிக்க விடாதீங்க. நொர கட்டுனதும் எறக்குங்க.”

கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஷரீஃபா அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னக்கா இது, துண்டக் கட்டிக்கிட்டு?”

“லண்டன் போய்க்கிட்டு இருக்கேன்.”

“அண்ணன் எங்க?”

“ஏர்ஹோஸ்டஸ் வேலயா உள்ள இருக்காரு.”

உள்ளே கரண்டி கீழே விழுந்தது.

மத்தியானம் சோறு, ரசம், கத்தரிக்காய் வெஞ்சனம். சாப்பிட்டுவிட்டு அவள் செத்த நேரம் தூங்கவும் செய்தாள். கண்ணுசாமிக்குத்தான் நின்று நின்று முட்டி வீங்கிவிட்டது.

ஐந்து மணிக்குத் துண்டை அவிழ்த்து எழுந்தவள், மிச்ச ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்தாள்.

“சரி, ஒன் முட்டி தாங்குது. ஒத்துக்குறேன்,” என்றார் அவர், சுவரைப் பிடித்தபடி.

“என் முட்டியப் பத்தி யாரு கவலப்பட்டா? நீங்க பட்டினி கெடப்பீங்களேன்னுதான் ரோசன பண்ணிக்கிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டு மகளுக்கு போன் போட்டாள். “கீர்த்தனா, அப்பா சமைக்கப் படிச்சுட்டாரு. மூணு மாசம் எதுக்கு? ஆறு மாசமே இருந்துட்டு வாரேன்!”