சந்தேகமே வராத மெனு

“சார், திரும்பி வந்த சரக்கை எங்க போய்ப் பதியணும்?”

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஜூலியட்டின் குரல். தஞ்சாவூரில் கிளாட்சன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சரக்கு மெனுவுல மேலேருந்து ஆறாவது, ஜூலியட். நாலு மாசம் முன்னாடிகூடக் கேட்டீங்களே?”

“மறந்துடுச்சு சார். அங்க மழையா?”

“தூறல். அங்க?”

“வெயில்தான். நாத்து காயுதுன்னு கடைக்கு வர்றவங்க எல்லாம் புலம்புறாங்க.”

வைத்தியலிங்கத்தின் விதை, உரக் கடைக்குப் பில் போடும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் கிளாட்சன். அதை ஓட்டுகிறவள் ஜூலியட். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளுக்குப் பார்வை போய்விட்டது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் குரலாக வாசிக்கும்; மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவாள். ஆனாலும் மூன்று வருடமாக, கடை திறந்திருக்கும் நாளெல்லாம் ஒரு சந்தேகம் அவளுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

கிளாட்சனுக்கு அவளைப் பிடித்திருந்தது. கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று முடிவே செய்துவிட்டான். லுத்தரன் வீட்டுக்குக் கத்தோலிக்க மருமகளா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா ஆரோக்கியம்கூட, “யாரையாவது கட்டித் தொலைடா” என்று இறங்கி வந்துவிட்டாள். பாக்கி இருந்தது அவன் வாயைத் திறப்பதுதான். அதற்குத்தான் கூச்சம். ஒரு பெண்ணைத் தினம் தினம் திண்டாட வைக்கிற மென்பொருளை எழுதிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? முதலில் மெனுவைச் சரி செய்வோம், பிறகு மனசைத் திறப்போம் என்று நினைத்தான். நல்ல புத்தி எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும்.

மெனுவில் நூறு இனங்கள் இருந்தன. பாதிக்கு மேல் யாரும் தொடாதவை. அத்தனையையும் கழித்துக்கட்டி, மிச்சத்தைப் பெரிய பெரிய படங்களாக மாற்றினான். நெல் மூட்டைப் படத்தைத் தட்டினால் விதை விற்பனை, மண்வெட்டியைத் தட்டினால் உரம். பார்க்க அம்சமாக இருந்தது. ஒரு ராத்திரிகூடத் தாமதிக்காமல் கடைக்கு அனுப்பி வைத்தான்.

மறுநாள் கடை திறந்ததும் போன்.

“சார், எங்க போனாலும் ‘பட்டன்’ங்குது. அடுத்ததுக்குப் போனா அதுவும் ‘பட்டன்’. எந்த பட்டன் சார்?”

கிளாட்சனுக்குச் சுருக்கென்றது. படத்தைப் போட்டவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை. யாருக்காக வேலையை ஆரம்பித்தானோ அவளுக்கே கதவைச் சாத்திவிட்டான். மன்னிப்புக் கேட்பதற்குள் வைத்தியலிங்கம் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“தம்பி, கண்ணாடி இல்லாமலே நான் பில் போடுவேன். நாலு கீழ, ஒரு எண்டர். இப்ப நாலு கீழ போய் எண்டர் தட்டினா, எல்லாத்தையும் மூடிட்டுப் போயிடுதே!”

“பழக்கத்துல தட்டுறீங்கய்யா. இப்ப நாலாவது ‘வெளியேறு’.”

“அப்ப வெளியேற வேண்டியது நானா, நீயா?”

பழி தீர்க்கிற வேகத்தில் கிளாட்சன் ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்தான். ஒரு தடவை குறை வைத்தவன் அடுத்த தடவை கொட்டிக் கவிழ்ப்பான் அல்லவா? ‘இது விதை நெல் விற்பனைக்கான பட்டன். இதை அழுத்தினால் இருப்பில் உள்ள ரகங்கள் தோன்றும். சம்பாவுக்கு ஏற்றவை முதலில் வரும்’ என்று பத்தி பத்தியாக எழுதி வைத்தான்.

“சார், ஒரு பில் போடுறதுக்குள்ள ஒரு வயலுக்கே தண்ணி பாய்ஞ்சிடும்போல இருக்கு,” என்றாள் ஜூலியட், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஸ்பீக்கர்ல கேட்டுட்டு, ரேடியோவுல விவசாயச் செய்தின்னு நாலு பேரு உக்காந்துட்டாங்க. எழுந்திருக்க மாட்டேங்குறாங்க.”

“நாளைக்கே சரி பண்ணிடுறேன்.”

“அவசரமில்லை சார். மெதுவாப் பண்ணுங்க.”

அந்த ‘மெதுவா’வை அவன் மரியாதை என்று எடுத்துக்கொண்டான். ராப்பகலாக உட்கார்ந்தான். படங்களைத் தூக்கி எறிந்தான். பழைய வரிசையைக் கொண்டுவந்தான். வைத்தியலிங்கத்தின் நாலு கீழ மறுபடி பில்லுக்கே போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லில் பெயர், ஒரே ஒரு விசை. கடைசியில் மெனுவில் ஒன்பதுதான் நின்றன. கண்ணால் பார்க்கிறவருக்கும் எளிது, காதால் கேட்கிறவளுக்கும் எளிது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகும் சில நாள் போன் வந்தது. ஜூலியட் தினம் ஒன்று கேட்டாள், அவனும் பொறுமையாக விளக்கினான். ஒன்பதாவதை விளக்கி முடித்த அன்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“அவ்வளவுதான் ஜூலியட்! இனிமே நீங்க எனக்கு போன் பண்ணவே வேண்டியதில்லை!”

“அப்படியா சார்? சந்தோஷம்,” என்றாள். அன்றைக்கு மழையைப் பற்றி அவள் விசாரிக்கவில்லை.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று கிளாட்சன் இட்லியைச் சூடாகச் சாப்பிட்டான், என்னமோ ருசிக்கவில்லை. அவனே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கோளாறு இல்லாத இடத்துக்கு எதைச் சொல்லிக் கூப்பிடுவது? நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று துணிச்சல் வர ஒரு மாதம் ஆனது. மன்னார்குடியில் பஸ் மாறும்போது ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டான்.

கடையில் ஜூலியட் இல்லை. கூட்டிப் பெருக்கி டீ வாங்கி வரும் செந்தாமரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வா தம்பி!” என்றார் வைத்தியலிங்கம். “விஷயம் தெரிஞ்சு ஸ்வீட்டோட வந்துட்டியா? ஜூலியட்டுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேதாரண்யத்துல வாத்தியார், லியோன்னு பேரு. கோவில்ல கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிச்சாச்சு. மூணு வருஷமா வந்த வரனையெல்லாம் ‘அப்புறம் பாக்கலாம்’னு தட்டிக்கழிச்ச பொண்ணு, போன மாசம் திடீர்னு சரின்னுடுச்சு!”

கிளாட்சன் ஜாங்கிரிப் பெட்டியை மேஜைமேல் வைத்தான். பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்த பேச்சுக்கு இனி வேலை இல்லை. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. வைத்தியலிங்கம் பெட்டியைப் பிரித்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிடப் போனார். கிளாட்சன் செந்தாமரைக்குப் பக்கத்தில் போய் நின்று, தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னான்.

“போகட்டும். அவங்களோட சந்தேகத்தையாவது தீர்த்து வெச்சேன்.”

செந்தாமரை திரும்பி அவனைப் பாவமாகப் பார்த்தாள்.

“ஜூலியட் அக்காவுக்கா சந்தேகம்? பழைய மெனு நூறையும் எனக்கு மனப்பாடமாச் சொல்லிக் குடுத்ததே அதுதான் சார். உங்ககூடப் பேசறதுக்குன்னு ஒரு நாளைக்கு ஒண்ணா மேலேருந்து வரிசையாத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு வந்துச்சு, நீங்கதான் ஒம்பதோட முடிச்சுட்டீங்களே!”