ஃபாஸ்ட் டையோடும் ஆமத்தூர் முகூர்த்தமும்

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. விருதுநகர் போயி ஆம்ப்ளிஃபயருக்கு டையோடு வாங்கிட்டு வரணும்.

ஆம்ப்ளிஃபயர் எங்க மச்சானோடது. அக்கா வீட்டுக்காரரு. ஏழாயிரம்பண்ணையில மைக் செட் வாடகைக்கு விடுறவரு. மறுநா காலையில ஆமத்தூர்ல ஒரு கல்யாணத்துக்கு ஆர்டர். அந்த நேரம் பாத்து உள்ள இருந்த டையோடு பிரிட்ஜ் கருகிப் போச்சு.

"மாப்ள, பழசைக் கையில கொண்டு போ. இதே மாதிரி ஒண்ணு வேணும்னு கேளு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத"ன்னாரு.

நான் வாயத் தொறக்காம இருக்கவா பொறந்தேன்?

நமக்குச் சிவகாசியில ஒரு பிரஸ்ல பட்டாசு லேபிள் டிசைன் பண்ற வேலை. எலக்ட்ரானிக்ஸ் படிச்சதில்ல. ஆனா அப்பதான் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் தொறந்திருந்தாக. அங்கன உக்காந்து வெளிநாட்டு ஆடியோ பைத்தியங்க எழுதுறதையெல்லாம் படிப்பேன். பாதி புரியாது. அந்தப் புரியாத பாதியத்தான் மத்தவுகளுக்கு விளக்குவேன்!

அதுல படிச்சது இது. டையோடுங்கிறது கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற கதவாம். சாதா டையோடு அந்தக் கதவை மெதுவாச் சாத்துமாம். அதுக்குள்ள கரண்டு கொஞ்சம் திரும்பி ஒழுகிருமாம். அதனாலதான் சத்தத்துல கரகரப்பு வருதாம். ஃபாஸ்ட் டையோடு பட்டுன்னு சாத்திருமாம். சத்தம் இளநீர் மாதிரி இருக்குமாம்.

மச்சானோட ஆம்ப்ளிஃபயர்ல மாட்டியிருக்கிறது கூம்பு ஸ்பீக்கரு. அதுல தாலாட்டு போட்டாக்கூட மீன் ஏலம் விடுற மாதிரிதான் கேக்கும். அதுக்கு இளநீர்!

கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, ஃபாஸ்ட் டையோடு இருக்கா?"

"எதுக்கு?"

"ஆம்ப்ளிஃபயருக்கு."

அவரு என் கையில இருந்த பழசைப் பாத்தாரு. சதுர பிஸ்கட் சைஸ்ல, இரும்பு உடம்போட இருக்கும் அது. "இதே இருக்கே. முப்பத்தஞ்சு ஆம்பியரு. கொண்டு போயி மாட்டுங்க."

நான் சிரிச்சேன். ஒண்ணாங்கிளாஸ் பையன் தப்பாக் கூட்டுனா வாத்தியார் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"ஆம்பியரு கெடக்கட்டும் அண்ணாச்சி. இதோட வேகம் எம்புட்டு?"

"டையோடு எங்க ஓடப் போகுது?"

கடையில நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. எனக்கு ரோசம் வந்துருச்சு. "உங்களுக்கெல்லாம் ஆடியோ புரியாது"ன்னேன். அவரு ஒரு டப்பாவைத் தூக்கி என் முன்னால கவுத்தாரு. "ஃபாஸ்ட்டுன்னா இதான் இருக்கு. சார்ஜருக்குப் போடுறது. உங்க இஷ்டம்."

ஒவ்வொண்ணும் நெல்லு சைஸ்ல இருந்துச்சு. ஒரு ஆம்பியர் தாங்கும். முப்பத்தஞ்சு இருந்த இடத்துல ஒண்ணு! அது மூளையில ஏறவே இல்ல. அங்கன ஏற்கெனவே இளநீர் நெறஞ்சு கெடந்துச்சு.

அதுல நாலை வாங்கியாந்து, பிரிட்ஜ் இருந்த எடத்துல சால்டர் வச்சு மாட்டும்போது மச்சான் எட்டிப் பாத்தாரு. "என்ன மாப்ள, நெல்லு மாதிரி இருக்கு?"

"சின்னதா இருந்தாத்தான் மச்சான் வேகமா இருக்கும்."

அதச் சொன்னப்ப என் மூஞ்சியில இருந்த தெளிவை இப்ப நெனச்சாலும், அந்த மூஞ்சியில நாலு அறை விடணும்போல இருக்கு.

ஆன் பண்ணிச் சின்னச் சத்தத்துல ஒரு பாட்டுப் போட்டோம். பாடுச்சு! அங்கனயே கருகியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.

மறுநா காலையில கல்யாண மண்டபம். மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு ரெண்டுமே பட்டாசு ஆலை ஆளுக. பொண்ணோட அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில ஃபோர்மேன். நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துக்கிட்டேன். பக்கத்துல இருந்தவர்கிட்ட, "கேக்குதாண்ணே, அந்தத் தெளிவு?"ன்னேன்.

"பசிக்குதுய்யா"ன்னாரு.

முகூர்த்தம் நெருங்குச்சு. தவில்காரரு வெளுத்து வாங்க ஆரம்பிச்சாரு. மச்சான் உற்சாகமாயி சத்தத்தைக் கூட்டுனாரு. ஒரு நெடி வந்துச்சு. பொங்கல் அடிபிடிச்சிருச்சுன்னு சமையக்காரரை மனசுக்குள்ள திட்டுனேன்.

டமார்!

வேற ஊர்ல வெடிச் சத்தம் கேட்டா என்னன்னு திரும்பிப் பாப்பாக. எங்க பக்கம் திரும்பிப் பாக்க மாட்டாக. நான் சேரை விட்டு எந்திரிக்கிறதுக்குள்ள மண்டபம் காலி! ஒருத்தரும் கத்தல, ஒருத்தரும் தள்ளல. பிள்ளைகளை இடுப்புல தூக்கிட்டு, ஒரே ஓட்டம். மாப்பிள்ளை பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்துட்டு ஓடிட்டாரு. உள்ள இருந்தது நானும் பொகையும்தான்.

வெளிய வந்தா, ஒருத்தரை ஒருத்தர் கேக்காக: "எந்த ரூமு? எந்த ரூமு?"

ஆலையில ஒவ்வொரு ரூமுலயும் மருந்து வேலை நடக்கும், வெடிச்சா மொதக் கேள்வி அதான். கல்யாண மண்டபத்துல ஏது அந்த ரூமு? யாருக்கும் அது தோணல. ஒரு அம்மா மக மணிக்கட்டைப் பிடிச்சவுக விடவே இல்ல. ஃபோர்மேன் பட்டு வேட்டியோட நின்னு தலைகளை எண்ணிக்கிட்டிருந்தாரு.

"ஆளெல்லாம் வந்தாச்சா?"

"வந்தாச்சுண்ணே."

அதுக்கப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்துச்சு. "சரி, என்னலே வெடிச்சது?"

மச்சான் கையை மட்டும் என் பக்கம் நீட்டுனாரு.

"ஃபாஸ்ட் டையோடு"ன்னேன்.

கூட்டத்துல ஒருத்தரு, "புது ஐட்டமா? எந்தக் கம்பெனி?"ன்னாரு.

பொகை அடங்குற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாதுன்னு ஃபோர்மேன் கண்டிச்சுச் சொல்லிட்டாரு. அவரு ஆலையில அதான் சட்டம். ஆனா முகூர்த்தம் பொகைக்காக நிக்குமா? அதனால மண்டப வாசல்ல, கம்பெனி வேன் பக்கத்துல நிக்க வச்சே தாலி கட்டுனாக. நாயனக்காரரு மைக் இல்லாம வாசிச்சாரு. கடைசி ஆள் வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு.

"இம்புட்டு நல்லா வாசிக்காரு. அந்த டப்பாவை மாட்டி ஏன்யா கொன்னீக?"ன்னு ஒரு பெரியவரு என்னையப் பாத்துக் கேட்டாரு. கேள்வி நியாயமாத்தான் இருந்துச்சு.

அப்புறம் மச்சான் பெட்டியைத் தொறந்து பாத்தாரு. நெல்லு சைஸ் டையோடு லோடு தாங்காம உருகி ஒட்டிக்கிருச்சு. கதவைப் பட்டுன்னு சாத்துறதுக்குப் பதிலா, ஒரேயடியாத் தொறந்து விட்டுருச்சு. கரண்டு நேராப் போயி, கரண்டைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டரை வெடிக்க வச்சிருச்சு. ஃபியூஸ் காப்பாத்தியிருக்கணும். ஆனா ஃபியூஸ் இருக்க வேண்டிய எடத்துல மச்சான் என்னைக்கோ தடிச்ச செம்புக் கம்பியைச் சுத்தி வச்சிருந்தாரு. அவரு அந்தக் கம்பியை நான் பாக்காத மாதிரி கையால மறைச்சாரு. நானும் பாக்காத மாதிரி நின்னேன்.

சும்மா இருந்திருக்கலாம். "மச்சான், ஒரு விஷயம். வெடிச்சது டையோடு இல்ல, கெப்பாசிட்டரு"ன்னேன்.

அவரு கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வச்சாரு. நான் பஸ்ஸுக்கு நடந்துட்டேன்.

இப்பெல்லாம் எங்க வீட்டுல பல்பு மாத்துறதுன்னா மெயினை ஆஃப் பண்றதில்ல, என்னையத்தான் வெளிய அனுப்புறாக.