ராகிங் கேட்டு அலைந்தவன்

இந்தத் தீவில் ராகிங் கேட்டு அலைந்த ஒரே மனிதன் எங்கள் ஃப்ரெஷர்தான். மற்றவர்கள் அதை நினைத்துக் காய்ச்சலில் விழுவார்கள். இவன் அது கிடைக்கவில்லையே என்று சாப்பிடாமல் கிடந்தான்.

மாத்தளை டவுனில் நாங்கள் படித்தது ஒரு தனியார் கல்லூரி. கீழே மிளகாய் அரைக்கும் மில், மேலே முகாமைத்துவப் பட்டப்படிப்பு. விரிவுரையாளர் தும்மினால் இடைவேளை. டை கட்டாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கழுத்துக்கு மேலே என்ன இருக்கிறதென்று யாரும் கேட்டதில்லை.

நாவுலயிலிருந்து வந்த இவனுக்கு, கெம்பஸுக்கு, அதாவது அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு, வேண்டிய இஸட் ஸ்கோர் புள்ளி மயிரிழையில் தவறியிருந்தது. கெம்பஸ் கிடைத்தவர்களில் யாராவது போகாமல் விட்டால் அந்த வெற்றிடத்துக்கு இவனைக் கூப்பிடலாம். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, முன்பின் தெரியாத கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் அவுஸ்திரேலிய விசா கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். இப்படியொரு பொதுநல பக்தனை அம்மன் கண்டிருக்கமாட்டாள்.

கூப்பிட்டால் தயாராக இருக்க வேண்டாமா? அரசாங்கம் இலவசமாகப் படிப்பிக்கும், கட்டணத்துக்குப் பதிலாக மானத்தைச் சீனியர்கள் வசூலித்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். அதனால் நாங்கள் தங்கியிருந்த போர்டிங்கிலேயே பயிற்சியைத் தொடங்கினான். ரப்பர் செருப்பு, கழுத்துவரை பட்டன் பூட்டிய முழுக்கைச் சட்டை, குனிந்த தலை. கல்லூரிக்குப் போகும்போது அதன்மேல் டை வேறு. தன் வயதேயான எங்களை “அண்ணே” என்றான். கக்கூசுக்குப் போகவும் அனுமதி கேட்டான். கெம்பஸில் புதுப் பிள்ளைகளை அழைக்கும் ‘ஃப்ரெஷர்’ என்ற பெயர் இவனுக்கு இங்கேயே விழுந்தது.

“அண்ணே, ஏசுங்கண்ணே.”

“பேசாம படுடா.”

“இப்பிடித் தன்மையா சொன்னா எப்பிடிண்ணே? கெம்பஸ்ல இப்பிடியா பேசுவாங்க? கொஞ்சம் கோவமா ஏசுங்க.”

எங்களுக்கு வரவில்லை. நாங்களும் கெம்பஸ் கிடைக்காதவர்கள்தானே. ஒருவனை அதட்டும் தகுதியைக்கூட எங்களுக்கு யாரும் தந்திருக்கவில்லை.

வேறு வழியில்லாமல் கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே அதட்டினான். நடுங்கிக்கொண்டு பதிலும் அவனே சொன்னான். அதைப் பார்த்துவிட்ட போர்டிங்கார நானா என்னைத் தனியே அழைத்தார்.

“என்ன வாப்பா, இந்தப் புள்ளைக்கு ஏதும் ஓதிப் பாக்கணுமா?”

“சுகமாத்தான் இருக்கான் நானா. கெம்பஸ் போகப் போறான்.”

“அல்லாஹ்! போறதுக்கு முந்தியே இப்பிடியா?”

கடைசியில் அம்மன் யாருக்கோ விசா கொடுத்துவிட்டாள். இவனுக்கு அழைப்பு வந்தது. டையைக் கழற்றி நானாவின் ஆட்டுக்குக் கட்டிவிட்டு பஸ் ஏறினான்.

சில நாளில் போன் வந்தது.

“மச்சான்…”

‘அண்ணே’ போய் ‘மச்சான்’ வந்ததுமே எனக்குப் பயம் பிடித்தது.

“என்னடா, அடிச்சிட்டாங்களா?”

“இல்லடா. ராகிங் எல்லாம் முடிஞ்சிருச்சாம். நான் லேட்டாம். ஒருத்தனும் என்ன ஏதுன்னு கேக்க மாட்டேங்கிறான்டா. நான் அங்கயே வந்திர்றேன்.”

மற்றவர்கள் சேர்ந்து ஏச்சு வாங்கி, சேர்ந்து அழுது, ஒரு கூட்டமாகியிருந்தார்கள். இவன் மட்டும் கழுத்துவரை பட்டன் பூட்டிக்கொண்டு கென்டீனில் தனியே உட்கார்ந்திருந்தான். அம்மனிடம் இடம் கேட்டவன் கூட்டாளிகளைக் கேட்க மறந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், நாவுல வரை போகாமல் மாத்தளையிலேயே இறங்கி, மொத்தச் சாமானோடும் எங்கள் வாசலில் வந்து நின்றான்.

“உள்ள வரலாமா அண்ணே?”

எனக்கு வந்ததே கோபம்! ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பி வாங்கிய இடத்தை விட்டுவிட்டு வருவதா?

“ஏய் ஃப்ரெஷர்! என்னடா முழிக்கிற? பேக்க அங்க வை! கைய கழுவிட்டு வந்து சோத்த தின்னு! ஞாயித்துக்கிழம திரும்பிப் போகல்லன்னா தோல உரிச்சிருவேன்!”

நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“இதத்தானேண்ணே இவ்வளவு நாளும் கேட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போனான். இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வந்து ஏச்சு வாங்கிக்கொண்டுதான் போகிறான். அவன் பஸ் பிந்தினால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.