முந்தி ஊதிய விசில்

உப்பளம், புதுச்சேரி
16-9-2008

பாசமுள்ள பிரான்சுவா மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் விக்டர் வணக்கத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை வேளாங்கண்ணியும் சுகம். பாரிசில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம்.

மச்சான், போன மாதம் போனில் சிரித்தீர்களே, "ரிடையரான கிளார்க்குக்குக் கம்ப்யூட்டர் எதுக்குய்யா?" என்று, அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்குங்கள். ஜெயித்துவிட்டேன்!

நம் பெத்தாங் குண்டு விளையாட்டுக் கிளப்பில் பதினோரு வருஷமாக நான்தானே அம்பயர். இரும்புக் குண்டை எறிய ஆளுக்கு ஒரு நிமிடம்தான் சட்டம். நம் ஆட்களோ குனிந்து பார்த்து, நிமிர்ந்து மீசையைத் தடவி, அஞ்சு நிமிடம் ஓட்டுவார்கள். நான் நேரமாச்சு என்றால், "ஒங்க வாட்ச் ஓடுதா சார்?" என்று சண்டைக்கு வருவார்கள். அதனால்தான் ஆறு மாதம் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் பாஷையைப் படித்து, என் செல்போனுக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். பொத்தானை அமுக்கினால் உள்ளே டைமர் ஓடி, சரியாக ஒரு நிமிடத்தில் விசில் ஊதும்.

முதல் ஞாயிறே மானம் போச்சு. முதல் ஆள் இருபது வினாடியில் எறிந்துவிட்டார். அடுத்து எறிய வந்த ஆதிமூலத்துக்காக அமுக்கினேன். அவர் கையை ஓங்கும் நேரம் பார்த்து முதல் ஆளுக்கு ஓடிய டைமர் விசிலடிக்க, குண்டு நழுவி அவர் காலிலேயே விழுந்தது. "யோவ் விக்டரு, எனக்குன்னே வெச்சிருக்கியா?" என்று நொண்டிக்கொண்டே கத்தினார். செயலாளர் கமலக்கண்ணன் வந்து, "ஃபைனலுக்குள்ள சரி பண்ணுங்க சார். இல்லன்னா அம்பயர் நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்" என்றார். அன்றைக்கே புரோகிராமைத் திறந்து உட்கார்ந்தேன் மச்சான்.

முந்தின ஆளுக்கு ஓடுவதை நிறுத்தாமலே அதே டைமரை அடுத்த ஆளுக்கும் ஓடவிட்டதுதான் தப்பு என்று கண்டுபிடிக்க நாலு நாள். நிறுத்தும் வரியைச் சேர்த்தேன். இப்போது ரெண்டாவது ஆளிலேயே புரோகிராம் செத்து விழுந்தது! ஒரு தடவை நிறுத்திய டைமரை மறுபடி ஓட்டவே கூடாதாம். ஆபீசில் பழைய கவரைத் திருப்பி ஒட்டியே பழகிய கை இல்லையா, ஒன்றையே எல்லாருக்கும் ஓட்டப் பார்த்திருக்கிறேன். கஞ்சத்தனத்தை விட்டேன். ஒவ்வொரு எறிக்கும் பழையதை நிறுத்து, புதிதாக ஒன்று உண்டாக்கு என்று எழுதினேன். உங்கள் தங்கை ரசம் கொதிக்கக் கொதிக்க நூறு தடவை அமுக்கிப் பார்த்தாள். ஒரு பிசகு இல்லை. "வொயலா, ஆயிடுச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

முந்தாநாள் ஃபைனல். ஒரு விசில்கூட முந்தவில்லை, பிந்தவில்லை. ஒருத்தர் வாய் திறக்கவேண்டுமே! ஆதிமூலமே வந்து, "கில்லாடிய்யா நீ" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சொன்னால் என்ன, அழுதுவிட்டேன்.

அக்காவுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் எல்லாரையும் மாதா கைவிடாமல் காப்பாளாக.

என்றும் உங்கள்,
அம்பயர் விக்டர்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கமலக்கண்ணன் வீட்டுக்கு வந்தார். "போனே கரெக்டா சொல்லுது, அப்புறம் அம்பயர் எதுக்கு சார்? என் செல்லுல ஏத்திக் குடுத்துட்டு நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார். நானும் ஏற்றிக் கொடுத்தேன் மச்சான், பழைய டைமரை நிறுத்தும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பத்து மணிக்குள் என்னைக் கூப்பிட ஆள் அனுப்புவார்கள். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.