நிச்சயம் யாருக்கு?

லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்தபடி மெக்கானிக் தன் போனையே முறைத்துக்கொண்டிருந்தான். எஸ் என்று வந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். நோ என்று வந்திருந்தால் ஒரு மூலையைப் பார்த்து மூக்கைச் சிந்தியிருப்பான். வந்திருந்ததோ 'சர்ட்டன்லி'.

கேட்டது லேசுப்பட்ட கேள்வி இல்லை. மூன்றாவது மாடிப் பல் கிளினிக்கின் ரிசப்ஷனிஸ்ட்டை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நேரில் சொல்லப் போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தமிழில் எழுதினாலோ வெட்கம் பிடுங்கித் தின்னும். அதனால் துணிந்து இங்கிலீஷில், "வில் யூ மேரி மீ?" என்று தட்டி, அவள் மேசையில் இருக்கும் போனுக்கு அனுப்பிவிட்டான். மூச்சு விடுவதற்குள் பதில் வந்துவிட்டது. பதிலுக்கு அர்த்தம்தான் வரவில்லை.

மேலே மோட்டார் அறையில் அவனோடு வேலை பார்க்கும் அண்ணன் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! சர்ட்டன்லின்னா என்ன?"

"ஆங்?"

"சர்ட்டன்லி! தமிழ்ல என்ன?"

"நிச்சயம்டா!"

மெக்கானிக் எழுந்தே நின்றுவிட்டான். "நிச்சயமா? யாருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? யாரு சொன்னாங்களோ அவங்களுக்குத்தான்!"

முடிந்தது கதை. அவளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. அதை ஒரே வார்த்தையில் எவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருக்கிறாள் பாருங்கள்! யார் அந்தக் கொடுத்துவைத்தவன், எப்போது நடந்தது, விரலில் மோதிரத்தைக் காணோமே என்று ஆயிரம் கேள்விகள் அவனைக் குடைந்தன. அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, எனக்கு நிச்சயம் ஆயிடுச்சுன்னு ஒரு பொண்ணு சொன்னா என்ன பண்ணணும்?"

"நல்லா இருங்கன்னு வாழ்த்திட்டு ஒதுங்கணும். ஏன்டா, ஏடாகூடமா எதையாவது பண்ணித் தொலைச்சியா?"

"சேச்சே."

இந்தத் தடவை இங்கிலீஷ் பக்கமே போகவில்லை. "நல்லா இருங்க. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். அதுதானே நல்லது?" என்று தட்டி அனுப்பினான்.

கண்ணைத் துடைப்பதற்குள் பதில் வந்தது. 'சர்ட்டன்லி'.

மறுபடியும் நிச்சயமா? ஒரு பெண்ணுக்கு ஒரே காலையில் எத்தனை தடவைதான் நிச்சயம் ஆகும்? துக்கத்தைவிடக் குறுகுறுப்பு பெரிதாகிவிட்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அவனால் ஒரு திருகாணியைக்கூடத் திருக முடியாது. கைக் கரியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நேராகக் கிளினிக்குக்குள் போய் நின்றான்.

"மேடம், உங்களுக்கு மொத்தம் எத்தனை தடவை நிச்சயம் ஆச்சு?"

ரிசப்ஷனிஸ்ட் திடுக்கிட்டுப் போனாள். "என்னது? ஒரு தடவைகூட ஆகலையே! யாரு சொன்னா?"

"நீங்கதான்," என்று போனை நீட்டினான்.

அவள் வாங்கிப் படித்தாள். முதல் வரியிலேயே காது மடல் சிவந்தது. படித்ததையே இன்னொரு தடவை படித்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சர்ட்டன்லின்னா அந்த நிச்சயம் இல்லைங்க. கண்டிப்பான்னு அர்த்தம். எனக்குச் சம்மதம்னு அர்த்தம்."

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. "அப்போ ரெண்டாவது சர்ட்டன்லி? தொந்தரவு பண்ணாம இருக்கறதுதான் நல்லதா?"

"அதை விடுங்க. முதல் பதில்தான் செல்லும்."

அந்த நேரம் பார்த்து டாக்டர் அறையிலிருந்து நர்ஸ் தலையை நீட்டினாள்.

"ஏம்மா, நம்ம போனுக்கு யாரு என்ன அனுப்பினாலும் தானாவே சர்ட்டன்லின்னு பதில் போகுதே, அதை முதல்ல நிறுத்தேன்! பல்லைப் புடுங்கினா உயிர் போயிடுமான்னு கேட்ட மனுஷன், பதிலைப் பார்த்துட்டு ஓடியே போயிட்டாரு!"